மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதாயிற்று. கராஜ்காரர் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பினர். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயிலை அடிக்கடி மாற்றாவிட்டால் எஞ்சின் தேயும். நோயாளரை ஆஸ்பத்திரிக்குச் சேர்த்தவற்றில் இந்தக் கார்களும் அடங்கும்.

இன்று இல்ஃபோர்டில் காருக்கு டர்போ பூட்டும் பிள்ளைகளும், அதன் ஒயில் தடங்கலின்றி வடியவேண்டுமென்று குழாயைச் சரிவாகவே பூட்டவேண்டும். ஒயிலின் அருமையை அன்றே அறிந்த கராஜ்காரர் நம்மிடையே இருக்கிறார்கள். நேயர்களே, அவர்களின் கைவேலையைக் கேட்டு எழுதிவையுங்கள்.