வீட்டுக்கடனை அடைத்த தக்காளி

விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்பார்கள். நம் மாடித்தோட்டத்தில் எனக்கு முளைத்தது. போன ஆண்டு காய்கறிக் கடையில் வாங்கியதில் இருந்ததிலேயே பெரிய தக்காளியைப் பிழிந்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து ஆறு குரோ பேக்கில் போட்டேன். ஆறு செடியும் ஆறு விதமாகக் காய்த்தன. ஒன்றுகூடத் தாய்ப்பழம் மாதிரி இல்லை. மண் சரியில்லை என்றார் பி பிளாக் நண்பர். வெயில் போதவில்லை என்றார் இன்னொருவர். படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தவறு மண்ணிலும் இல்லை, வெயிலிலும் இல்லை. நான் விதை எடுத்த முறையில் இருந்தது. அமெரிக்காவில் ஒருவர் சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பே இதே தவறைச் செய்து, பல ஆண்டுகளை இழந்து, பிறகு திருத்திக்கொண்டிருக்கிறார்.

முதலில் கொஞ்சம் முன்கதை. தக்காளியின் காட்டு மூதாதை பெரு, எக்வடார் பக்கம் இன்றும் வளர்கிறது. பழம் சுண்டைக்காய் அளவுதான். குறுக்கே வெட்டினால் விதை இருக்கும் அறைகள் இரண்டே இரண்டு. தலைமுறை தலைமுறையாகப் பெரிய பழம் தந்த செடிகளின் விதையை மக்கள் எடுத்து வைத்ததால், 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் மெக்சிகோவுக்கு வந்தபோது அங்கே பெரிய தக்காளிகள் இருந்தன. அறைகள் கூடக் கூடப் பழமும் பெருத்தது. ஆனால் அப்படிப் பெருத்த பழங்கள் பெரும்பாலும் கோணல்மாணலாக, பூசணிபோல் வரி வரியாக இருந்தன.

அலெக்சாண்டர் லிவிங்ஸ்டன் என்ற விதை வியாபாரி இதைத்தான் மாற்ற விரும்பினார். ஒஹாயோ மாநிலத்தில் ரேனால்ட்ஸ்பர்க் என்பது அவர் ஊர். அவர் சிறுவனாக இருந்தபோது தக்காளியை விஷம் என்றே அங்கு பலர் நம்பினார்கள். வளர்ந்து பெரியவரானதும் உருண்டையான, வழவழப்பான, சதைப்பற்றுள்ள பெரிய பழம் வேண்டும் என்று முயன்றார். வயலில் இருந்ததிலேயே நல்ல பழத்தைப் பறித்து அதன் விதையை விதைப்பார். அடுத்த ஆண்டு பழைய கோணல் பழங்களே வரும். பல ஆண்டுகள் இப்படியே போயின.

ஒருநாள் வயலில் ஒரு செடி அவர் கண்ணில் பட்டது. பழங்கள் சிறியவை. ஆனால் அந்தச் செடியில் இருந்த எல்லாப் பழமும் ஒன்றுபோல உருண்டையாக, வழவழவென்று இருந்தன. அளவைப் பார்க்காமல் அந்தச் செடியின் விதையைத் தனியாக எடுத்து விதைத்தார். அடுத்த ஆண்டு எல்லாச் செடிகளும் தாயைப் போலவே காய்த்தன. அவற்றில் நல்ல செடிகளை மட்டும் ஆண்டுதோறும் பொறுக்கிப் பொறுக்கிப் பழத்தைப் பெரிதாக்கினார். 1870இல் 'பாரகன்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பழத்தைத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டுச் செடியைத் தேர்ந்தெடுத்ததுதான் அவர் செய்த மாற்றம்.

காரணம் எளிது. ஒரு செடியின் எல்லாப் பழங்களுக்கும் தாய் ஒன்றே. ஒரு பழம் மட்டும் பெரிதாக இருந்தால், அதற்குத் தண்ணீர் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம், அல்லது கொத்தில் போட்டிக்கு வேறு காய்கள் இல்லாமல் இருந்திருக்கலாம். அந்த அதிர்ஷ்டம் விதைக்குள் போகாது. செடி முழுவதும் ஒரு குணம் தெரிந்தால் அது பரம்பரைக் குணமாக இருக்க வாய்ப்பு அதிகம். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. அதனால் நிலைத்த ரகமாக இருந்தால் பிள்ளை தாயைப் போலவே வரும்.

இரண்டாவது கதை நம்மில் பலருக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதில் வீட்டுக்கடன் வருகிறது. மேற்கு வர்ஜீனியாவின் லோகன் நகரில் எம்.சி.பைல்ஸ் என்பவர் லாரி ரேடியேட்டர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். மலை ஏறி வரும் லாரிகள் கொதித்துப் போய் அவரிடம் நிற்கும். அதனால் 'ரேடியேட்டர் சார்லி' என்று பெயர். செடிவளர்ப்பை அவர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. 'ஜெர்மன் ஜான்சன்' என்ற பெரிய ரகத்தை நடுவில் நட்டு, சுற்றிலும் வேறு பத்துத் தக்காளிச் செடிகளை வட்டமாக வைத்தார். குழந்தைகளின் காதைச் சுத்தம் செய்யும் ரப்பர் பல்பால் சுற்றுச் செடிகளின் மகரந்தத்தை எடுத்து நடுச்செடியின் பூக்களில் சேர்த்தார். வந்த பிள்ளைகளில் சிறந்ததை அடுத்த ஆண்டு நடுவில் வைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளிலும் இதையே செய்து, ரகம் நிலைத்த பிறகுதான் நிறுத்தினார். அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவைத் தாண்டும் பழங்கள் வந்தன. 1940களில் ஒரு நாற்று ஒரு டாலர் என்று விற்று, ஆறு ஆண்டுகளில் 6,000 டாலர் வீட்டுக்கடனை அடைத்ததாக அவர் சொன்னார். ரகத்துக்கும் 'மார்ட்கேஜ் லிஃப்டர்' என்றே பெயர். இன்றும் அதன் விதை கிடைக்கிறது.

இந்தத் தேர்வு எவ்வளவு தூரம் போகும்? 'பீஃப்ஸ்டேக்' ரகத்திலிருந்து பொறுக்கியெடுத்த 'டெலிஷியஸ்' ரகத்தை பர்ப்பி நிறுவனம் 1964இல் வெளியிட்டது. அந்த ரகத்தில்தான் 1986இல் ஓக்லஹோமாவின் எட்மண்டில் 3.51 கிலோ எடையுள்ள ஒரு பழம் விளைந்தது. அந்தச் சாதனை 28 ஆண்டுகள் நின்றது. 2014இல் மினசோட்டாவில் 'பிக் ஜாக்' என்ற ரகத்தில் விளைந்த 3.81 கிலோ பழம் அதை முறியடித்தது. போட்டிக்கு வளர்ப்பவர்கள் இன்று விதையின் பெயரோடு தாய்ப்பழத்தின் எடை, வளர்த்தவர் பெயர், ஆண்டு மூன்றையும் எழுதி வைக்கிறார்கள். குலம் கோத்திரம் பார்ப்பது போலத்தான்.

லிவிங்ஸ்டனும் சார்லியும் கண்ணால் பார்த்துப் பொறுக்கியதன் உள்காரணத்தை விஞ்ஞானிகள் பின்னால் கண்டுபிடித்தார்கள். 2000ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் டாங்க்ஸ்லி குழு, எஃப்.டபிள்யூ 2.2 என்ற மரபணுவை அடையாளம் கண்டது. பிஞ்சில் செல்கள் பெருகுவதற்கு அது கடிவாளம் போடுகிறது. பெரிய ரகங்களில் அந்தக் கடிவாளம் தளர்ந்திருக்கிறது. இது ஒன்றே பழத்தின் எடையை 30 சதவீதம்வரை மாற்றக்கூடியது. அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டும் மரபணுக்கள் வேறு. இப்படிப் பல மரபணுக்கள் ஒரே செடியில் சேர்ந்தால்தான் ராட்சதத் தக்காளி.

இப்போது என் ஆறு குரோ பேக்குக்கு வருகிறேன். நான் விதை எடுத்த பழம் ஹைபிரிட்டாக இருந்திருக்க வேண்டும். இரண்டு பெற்றோரின் குணம் முதல் தலைமுறையில் சேர்ந்து நிற்கும், அடுத்த தலைமுறையில் பிரிந்து சிதறும். போதாக்குறைக்கு, செடியைப் பார்க்காமல் பழத்தை மட்டும் பார்த்து எடுத்திருக்கிறேன்.

வெளிநாட்டு ராட்சத ரகங்களை வரவழைக்கலாமே என்று கேட்பீர்கள். இரவிலும் வெக்கை குறையாத நம் ஊரில் அவற்றின் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். இங்கே காய்க்கும் ரகத்தில் நாமே பொறுக்குவதுதான் வழி. ஹைபிரிட் அல்லாத நாட்டு ரகத்தில் தொடங்குங்கள். ஆறு செடி இருந்தால், எல்லாப் பழமும் நன்றாக வரும் ஒன்றில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். அதன் பழங்களைக் குழம்புக்குப் பறித்துவிடாதபடி வீட்டில் சொல்லி வையுங்கள். விதையைச் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தி, ரகமும் ஆண்டும் எழுதிக் கவரில் போடுங்கள்.

சங்க அலுவலகத்தில் விதைக் கவர்களுக்கு ஒரு டப்பா வைக்கும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். ஆடிப்பட்டத்துக்கு முன் என் கவர் அதில் இருக்கும். இந்த முறை பெரிய பழத்தின் விதை இல்லை, நல்ல செடியின் விதை.