கான்சாகிபுவை எழுதியவர்கள்

யூசுப்கானை மதுரையில் 1764 அக்டோபர் 15 அன்று தூக்கில் போட்டார்கள். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்ததுமே ஒரு சங்கடம் வந்துவிடுகிறது. 'இறந்தான்' என்பதா, 'இறந்தார்' என்பதா? ஆங்கிலத்தில் எழுதினவங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சாய்வை வேறு எங்காவது ஒளித்து வைத்துக்கொள்ளலாம். தமிழில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். கான்சாகிபு, மருதநாயகம் என்றெல்லாம் நாம் சொல்கிற இந்தத் தளபதியைப் பற்றி நூல் ஏதும் கையில் கிடைத்தால், அன்பர்கள் முதலில் அந்த விகுதியைப் பார்க்க வேண்டும்.

அவரைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் ராபர்ட் ஓர்ம். சென்னைக் கவுன்சிலில் இருந்தவர். திருச்சி முற்றுகையிலும், 1758-59இல் லாலி சென்னையை வளைத்தபோதும் யூசுப்கான் கம்பெனிக்காகப் பாடுபட்டதை அவர் மெச்சி எழுதுகிறார். ஆனால் அவருடைய வரலாறு 1761 புதுச்சேரி வீழ்ச்சியோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் பாகம் அச்சாகி வந்த ஆண்டோ 1778. தூக்கு நடந்து பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. ஆக, ஓர்மை மட்டும் படிப்பவருக்கு யூசுப்கான் கடைசிவரை விசுவாசி! பொய் ஒன்றும் சொல்லவில்லை. நிறுத்தின இடம்தான் விஷயம்.

எஸ்.சி. ஹில் 1914இல் தனி நூலே எழுதினார். இந்திய அரசின் ஆவணங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர், உழைப்பாளி. அவரிடம் யூசுப்கான்மேல் பரிவு இருக்கு. நவாப் முகம்மது அலியின் பொறாமையும் கம்பெனியின் கைவிரிப்பும்தான் அந்த மனிதரைக் கலகத்துக்குத் தள்ளின என்ற தொனியும் இருக்கு. ஆனாலும் தலைப்பில் 'கலகக்காரத் தளபதி' என்றுதான் போட்டார். யாருக்கு எதிராகக் கலகம் என்ற கேள்விக்கு அந்தத் தலைப்பே பதில் சொல்லிவிடுகிறது. அவர் பெரிதும் நம்பியிருந்ததும் கம்பெனிக் கடிதங்களைத்தான். கொன்றவர்களின் அலுவலகத்திலிருந்து கொல்லப்பட்டவரின் வரலாற்றை எடுக்க வேண்டியிருந்தது. இதில் ஹில்லை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

சரி, வெள்ளைக்காரர்களை விடுவோம். நம்மவர்கள் என்ன செய்தார்கள்? கலகக்காரன் என்ற பட்டத்தை எடுத்துவிட்டு விடுதலை வீரர் என்ற பட்டத்தை மாட்டினார்கள். இங்கேதான் சிக்கல். நெற்கட்டும்செவல் பூலித்தேவரும் அதே பட்டியலில் இருக்கிறார். 1759 முதல் 1761 வரை பூலித்தேவரோடு போரிட்டு அவருடைய கோட்டைகளைப் பிடித்தது யார்? கம்பெனிப் படையோடு வந்த யூசுப்கான்தான். பூலித்தேவர் வரலாற்றில் யூசுப்கான் கூலிப்படைத் தலைவன், 'வந்தான், அழித்தான்'. மருதநாயகம் வரலாற்றில் அதே இரண்டு ஆண்டுகள் அரைப் பக்கத்தில் ஓடிவிடும். 'தென்பாளையங்களில் அமைதி ஏற்படுத்தினார்' என்று ஒரு வரி. யாருடைய அமைதி? இரண்டு நூலையும் ஒரே அலமாரியில் வைத்துப் படிக்கிற பிள்ளை நம்மிடம் வந்து கேட்டால் என்ன சொல்வது? வெளிமாநிலத்தில் நம் பிள்ளைகள் தமிழக வரலாற்றை இப்படிப்பட்ட சின்னச் சின்ன நூல்களில்தானே படிக்கிறார்கள்.

1763இல் மதுரையில் அவர் ஏற்றிய கொடி பிரெஞ்சுக் கொடி. அதற்கு முன்னால் குத்தகையைத் தொடர்ந்து தன்னிடமே விடும்படி வருடத்துக்கு 7 லட்சம் தருவதாகக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. இதைச் சொன்னால் வீரம் குறைந்துபோகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குத்தகைக்காரராக இருந்த காலத்தில்தான் குளங்களைச் சீர்படுத்தினார், மீனாட்சியம்மன் கோயில் மானியங்களைத் திருப்பிக் கொடுத்தார். இதை மறைக்காத நூல்கள் கூட அந்த 7 லட்சத்தைப் பக்கத்திலேயே வைப்பதில்லை. மனுஷன் ஒருத்தர்தான்; கணக்கு மட்டும் ரெண்டு ஏட்டில்.

அவருடைய பிறப்பு பற்றியும் இழுபறி உண்டு. பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தார் என்பது செவிவழி வழக்கு. சாதியை முன்னிறுத்துகிறவர் முதல் அத்தியாயத்தை நீட்டுவார், மதத்தை முன்னிறுத்துகிறவர் அதைச் சுருக்குவார். 1997இல் கமல்ஹாசன் தொடங்கி நின்றுபோன படத்தினால் மருதநாயகம் என்ற பெயர் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. யூசுப்கான் என்ற பெயர் அந்த அளவுக்குப் போகவில்லை.

நா. வானமாமலை பதிப்பித்த 'கான்சாகிபு சண்டை' கதைப்பாடலையும் இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பாடியவர்களுக்கும் சாய்வு உண்டு; ஆனால் அது கம்பெனிச் சாய்வு அல்ல. கடைசியில் அவரைப் பிடித்துக் கொடுத்தவர்கள் மர்ச்சாந்த் என்ற பிரெஞ்சு அதிகாரியும், அவரிடமே வேலை பார்த்த சீனிவாசராவ் முதலானவர்களும். அவர்கள் தரப்பை எடுத்து வரலாறு எழுத மட்டும் இதுவரை யாரும் போட்டி போடவில்லை.