தண்ணியை வச்சுக் கல்லை உடைச்ச கதை

"ஏனுங்ணா, போர் சுத்தமா நின்னு போச்சு. ஃப்ராக்சரிங் வண்டியக் கூப்பிடறதா, இல்ல ஆயிரம் அடிக்குப் புதுசா ஒண்ணு ஓட்டிப் பாத்துரலாமா?"

போன வாரம் தம்பி போன்ல கேட்ட கேள்வி இது. ரெண்டு நாள்ல சொல்றேன்னு வச்சுட்டேன். பதில் தேடப் போய்ப் படிச்சதும், எங்க காட்டுலயே கண்ணால பாத்ததும் சேந்து இந்தப் பதிவா ஆயிருச்சு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க மக்களே.

ஃப்ராக்சரிங்னு சொன்னதும் உங்கள்ல பாதிப் பேருக்கு நெடுவாசல் ஞாபகம் வந்திருக்கும். 2017-இல் அங்கே ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஊரே உக்காந்தது. டெல்டாவுல இந்தச் சொல்லைக் கேட்டாலே பயம். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிச்சுச் சட்டமே வந்துச்சு. ஆனா எங்க சேலம், நாமக்கல் பக்கம் விவசாயி தானே காசு கொடுத்து ஃப்ராக்சரிங் வண்டியக் கூப்பிடுவான். ரெண்டு இடத்திலயும் செய்யறது பாறையை அழுத்தத்தால உடைக்கிறதுதான். அங்கே வாயுவுக்கு, இங்கே தண்ணிக்கு.

எங்க ஊர் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவுல. அர்த்தநாரீஸ்வரர் கோயில் மலையப் பாத்தவங்களுக்கு விளக்கவே வேண்டாம், காலுக்குக் கீழயும் அதே கல்லுதான். ஐம்பது கோடி வருசத்துக்கு மேல வயசான கருங்கல். டெல்டா மணல் மாதிரி இது தண்ணியைக் குடிச்சு வச்சுக்காது. மேல இருக்கிற உக்கிப்போன கல்லுலயும் அதுக்குக் கீழ ஓடுற வெடிப்புகள்லயும் மட்டும்தான் தண்ணி நிக்கும். ஒரு அடி தள்ளிக் குழி போட்டாலும் வெறும் கல்தூள்தான் பறக்கும்.

அப்பாரு காலத்துல கிணறுதான். வேட்டு வச்சு, கல்லை அள்ளி, வருசக் கணக்கா வெட்டுனது. கவலை ஓட்டித்தான் பாசனம். தண்ணி கீழ இறங்க இறங்க, கிணத்துக்குள்ளயே சுவத்துல படுக்கைவசமா சைடு போர் போட்டாங்க. பக்கத்துல ஓடுற ஊத்தை வெட்டிக் கிணத்துக்குள்ள திருப்புற வேலை அது. யோசிச்சுப் பாத்தா எங்க ஊர் ஃப்ராக்சரிங்குக்கு அதுதான் பெரியண்ணன். கல்லுக்குள்ள இல்லாத தண்ணியை உண்டாக்கறதில்ல, இருக்கிற தண்ணிக்கு வழி விடறது.

அப்புறம் ரிக் வண்டி வந்துச்சு. காத்தழுத்தத்துல குழிக்குள்ளயே சுத்தியல் இடிக்கிற எந்திரம். 1966-67 பீகார் பஞ்சத்துக்கு அப்புறம் யுனிசெஃப் இந்த மாதிரி ரிக்குகளை இந்தியாவுக்குக் கொண்டு வந்து குடிதண்ணிக்குக் குழி போட்டது. மாசக்கணக்குல வெட்டவேண்டிய ஆழத்தை ஒரே நாள்ல தொட்டுருச்சு. அந்தத் தொழிலைப் புடிச்சுக்கிட்டது திருச்செங்கோடு. வட இந்தியாவுல எந்த மூலையில போர் போட்டாலும் வண்டிக் கதவுல திருச்செங்கோடுன்னு எழுதியிருக்கும். ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கு எங்க ஊர் ரிக். ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் கொடுத்த ஊர்ல தண்ணி இல்லைங்கறது வேற கதை :-)

இனி ஃப்ராக்சரிங்கோட பூர்வீகத்துக்கு வருவோம். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல எட்வர்ட் ராபர்ட்ஸ்னு ஒரு அதிகாரி. 1862-இல் ஃப்ரெடரிக்ஸ்பர்க் சண்டையில, கால்வாய்த் தண்ணிக்குள்ள விழுந்து வெடிச்ச குண்டுகளப் பாத்தவருக்கு ஒரு யோசனை. எண்ணெய்க் கிணத்துக்குள்ள வெடிமருந்தை இறக்கி, மேல தண்ணிய நிரப்பி வெடிச்சா, அதிர்ச்சி மேல போகாம பக்கவாட்டுல பாறைக்குள்ள போகுமே! 1865-இல் பென்சில்வேனியாவுல செஞ்சு பாத்தார், 1866-இல் காப்புரிமை வாங்கினார். எங்க அப்பாரு வேட்டுக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்குங்க.

வெடியே இல்லாம வெறும் திரவத்தோட அழுத்தத்தால உடைக்கிறது 1947-இல் கன்சாஸ் மாநிலத்து ஹியூகோடன் வாயு வயல்ல தொடங்குச்சு. ஊத்தினது தண்ணி இல்ல, கெட்டியாக்குன பெட்ரோல்! பலன் பெருசா இல்ல. ஆனாலும் விடல. 1949 மார்ச் 17-இல் ஹாலிபர்ட்டன் கம்பெனி இதை வணிகமா ஆரம்பிச்சுது. 1990-களோட கடைசியில டெக்சாஸ் பார்னெட் ஷேல்ல மிட்செல் எனர்ஜி தண்ணியோட கொஞ்சம் ரசாயனம் சேத்து வழுவழுன்னு ஆக்கி அடிச்சப்பதான் ஷேல் வாயு கொட்டுச்சு. திறந்த வெடிப்பு மறுபடி மூடிக்காம இருக்க மணல், மணலைச் சுமந்துக்கிட்டுப் போக பசை மாதிரி ஒரு திரவம். அந்தப் பசை எதுல இருந்து வந்துச்சு தெரியுமா? நம்ம கொத்தவரங்காய் விதையில இருந்து! அமெரிக்காக்காரன் கல்லை உடைக்க ராஜஸ்தான்ல கொத்தவரை விலை ஏறி, 2012-இல் அதோட முன்பேர வணிகத்தையே நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு.

எங்க ஊர் வண்டியில கொத்தவரையும் கிடையாது, மணலும் கிடையாது, ரசாயனமும் கிடையாது. நல்ல தண்ணி மட்டும். மேல இருக்கிற கேசிங் பைப்பைத் தாண்டி, கெட்டிப் பாறை இருக்கிற ஆழத்துல ரப்பர் அடைப்பு ஒண்ணை இறக்குவாங்க. பேக்கர்னு பேரு. அது உப்பிக் குழியோட சுவத்தைக் கவ்விக்கும். அதுக்குக் கீழ பம்பு வச்சுத் தண்ணியை அமுக்குவாங்க. கார் டயர்ல 30 பவுண்டு காத்து இருக்கும்னா, இங்க ஆயிரம், ரெண்டாயிரம் பவுண்டுன்னு முள் ஏறும். திடீர்னு பொத்துனு இறங்கும். வெடிப்பு விட்டுச்சுன்னு அர்த்தம். மண்ணு அடைச்சுக்கிட்ட பழைய வெடிப்புகள் சுத்தமாகி, பக்கத்து வெடிப்புகளோட சேந்துக்கும். 1980-களில் யுனிசெஃப் உதவியோட இந்தியாவுல குடிதண்ணிப் போர்களுக்கு இது வந்துச்சு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் கைப்பம்பு வத்துன குழிகளை இப்படி உசுப்பிவிட்டது. ஒரு ஊருக்கு நாலு குடம் கூடக் கிடைச்சாலே பெரிய விசயம், அதுக்கு இது அருமையான வித்தை.

பாசனத்துக்கு வந்தப்பதான் சிக்கல்.

2003 வறட்சியில எங்க அய்யன் வண்டியக் கூப்பிட்டார். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். முள் ஏறி, இறங்குச்சு. எல்லாரும் சிரிச்சோம். கொஞ்ச நேரத்துல மேக்காட்டுச் சித்தப்பா ஓடி வந்தார். அவர் போர்ல இருந்து செம்மண் கலங்கலாத் தண்ணி மேல வருதாம். நாங்க அமுக்குன தண்ணி அவர் குழியில போய் வந்திருக்கு. ரெண்டு குழிக்கும் அடியில ஒரே வெடிப்பு! வண்டிக்காரர் "லைன் சேந்துருச்சுங்க, நல்ல சகுனம்"னார். எங்களுக்கு நல்ல சகுனம்தான். மூணு வருசம் மஞ்சள் போட்டோம். சித்தப்பா போர் அடுத்த சித்திரைக்குள்ள வத்திப்போச்சு. பதிலுக்கு அவர் எங்களை விட ஆழமா ஓட்டினார். அப்புறம் நாங்க. 300, 500, 800 அடி. ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னது அப்பதான்.

அதே 2003-இல் தமிழ்நாட்டுல நிலத்தடி நீர் மேலாண்மைக்கு ஒரு சட்டம் நிறைவேறுச்சு. நடைமுறைக்கே வராம 2013-இல் ரத்தாச்சு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோட கணக்கெடுப்புகள்ல எங்க ரெண்டு மாவட்டத்துலயும் பல பகுதிகள், ஊறுறதை விட அதிகமா உறிஞ்சுற இடங்கள்னு வந்தாச்சு. ஒவ்வொரு காட்டுக்காரனும் தன் குழியைத் தனிக் குழின்னு நினைக்கிறான். கல்லு அப்படி நினைக்கல.

தம்பிக்கு நேத்து போன் பண்ணினேன். ஆயிரம் அடி வேண்டாம், ஆழம் போகப் போக வெடிப்பு குறையும், கடன்தான் மிஞ்சும்னேன். மழையே இல்லாதப்ப ஃப்ராக்சரிங்கும் வீண், காலி வெடிப்பத் திறந்து என்ன பண்றது? அப்பாரு வெட்டுன கிணறு இன்னும் மூடாமத்தான் இருக்கு. தூர் வாரி, ரெண்டு காட்டு மழைத் தண்ணியையும் வடிகட்டி அதுல இறக்கலாம். சைடு போர் வழியா மேல்வெடிப்புகளுக்குப் போகும். ரெண்டு மழை பேஞ்சு ஊறட்டும், அப்புறம் வேணா வண்டியக் கூப்பிடு, சித்தப்பாவையும் பக்கத்துல நிறுத்திக்கிட்டுன்னேன்.

"எல்லாஞ் செரிங்ணா. அவரு காட்டுத் தண்ணிய அவரு உடோணுமே. நீங்களே பேசுங்க"ன்னுட்டான்.

நம்பர் வாங்கி வச்சிருக்கேன். இன்னும் கூப்பிடல. ஞாயித்துக்கிழமை நேர்லயே போயிரலாம்னு இருக்கேன்.

டிஸ்கி: உங்க ஊர்க் கிணத்துல சைடு போர் இருந்துச்சா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.