முன் சீட்டும் தான்சாத்தும்

போன மாதம் என் பேரன் புது மோட்டார் சைக்கிள் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தனுஷ்கோடி வரைக்கும் போய் வரவேண்டுமாம். "தாத்தா, நீங்க அந்தக் காலத்துல புல்லட்டுல வாராவாரம் காரைக்கால் போயிட்டு வருவீங்களே, இடுப்பு வலிக்காம எப்படிப் போனீங்க?" என்று கேட்டான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் உள்ளேயிருந்து என் மனைவி, "அவரை எதுக்குடா கேக்கற? பின்னாடி உக்காந்து வந்தவளைக் கேளு" என்றாள்.

பேரன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில், அவனுக்குச் சொல்ல நினைத்த கதையை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். குதிரைச் சேணத்துக்கும் சைக்கிள் சீட்டுக்கும் பிரெஞ்சில் ஒரே சொல்தான்: செல். சின்ன வயதில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. பிறகு யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு சக்கர வண்டி வந்தபோது அதை ஓட்டியவர்கள் குதிரையில் உட்காருவதுபோலவே காலைப் பிளந்து உட்கார்ந்தார்கள். ஆனால் குதிரைக்கு முதுகில் சதை உண்டு, நாலு காலிலும் மூட்டு உண்டு. வண்டிக்கு அது கிடையாது. 1860களில் பாரிஸில் மிஷோ என்பவர் செய்து விற்ற வெலொசிபேதுக்கு இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரங்கள். கருங்கல் பாவிய தெருவில் அதில் போனால் பல்லெல்லாம் ஆடும். இங்கிலாந்துக்காரர்கள் அதற்கு எலும்பு குலுக்கி என்றே பெயர் வைத்தார்கள். மிஷோ செய்த ஒரு நல்ல காரியம், சீட்டை நேராகச் சட்டத்தின் மேல் வைக்காமல் நீளமான ஒரு எஃகுப் பட்டையின் மேல் வைத்தது. சவாரிக்காரனுக்கு ஸ்பிரிங் வேண்டும் என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது.

அடுத்த பெயர் புரூக்ஸ். நம் தலைமுறையில் நல்ல சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். பர்மிங்ஹாமில் 1866-இல் தோல் வியாபாரம் ஆரம்பித்த குடும்பம். அவருடைய குதிரை செத்துப்போனது, போக வர ஒரு சைக்கிளை இரவல் வாங்கினார், அதன் சீட்டில் உட்கார முடியவில்லை, அதனால் தானே ஒரு சீட்டுச் செய்தார் என்று கதை. 1882-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அந்தச் சீட்டின் சூட்சுமம் என்னவென்றால், அதில் பஞ்சே கிடையாது. தடித்த தோலை முன்னும் பின்னும் இழுத்துப் பிடித்துக் கட்டில் கயிறுபோல் விறைப்பாகக் கட்டியிருக்கும். ஆரம்பத்தில் பலகைமாதிரி இருக்கும். சில மாதம் ஓட்டியபின், உட்காருபவனின் எலும்புக்கு ஏற்ற இரண்டு பள்ளம் தானாக விழும். அதற்குப் பிறகு வேறு யாராவது அந்தச் சைக்கிளை எடுத்தால் அவருக்குத்தான் அவஸ்தை. என் அப்பா தன் சைக்கிளை யாருக்கும் இரவல் கொடுக்காததற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார். கஞ்சத்தனமும் கொஞ்சம் உண்டு.

மோட்டார் வண்டியின் கதை இன்னும் வேடிக்கையாக ஆரம்பிக்கிறது. 1885 நவம்பரில், ஜெர்மனியில் கான்ஸ்டாட் என்ற ஊரில், டைம்லர் தாம் செய்த முதல் வண்டியில் தம் மகனை ஏற்றிப் பக்கத்து ஊருக்கு அனுப்பினார். மரச்சட்டம், மரச்சக்கரம், அரைக் குதிரைச் சக்தி எஞ்சின். அந்த எஞ்சின் இருந்த இடம் சீட்டுக்கு நேர் கீழே. எரிவதற்கு அதில் ஒரு குழாயைச் சதா சூடாக வைத்திருக்க வேண்டும். போகிற வழியில் சீட்டே தீப்பிடித்துக்கொண்டது என்று சொல்வார்கள். மோட்டார் சைக்கிள் சவாரியில் முதல் நாளிலேயே புகார் கொடுத்தது பின்பக்கம்தான்.

அதற்குப் பிறகு சுமார் 60 வருஷம், பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது. சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிடித்திருக்கும். குண்டும் குழியும் தரும் அடியை எல்லாம் சீட்டு ஒன்றே வாங்கியாக வேண்டும். அமெரிக்காவில் ஹார்லிக்காரர்கள் 1912-இல் சீட்டைத் தாங்கும் குழாய்க்குள்ளேயே நீளமான ஸ்பிரிங்கைப் புகுத்தினார்கள். மறு வருஷம் இந்தியன் என்ற கம்பெனி (பெயர்தான் அப்படி, அதுவும் அமெரிக்காதான்) பின்சக்கரத்துக்கே வில் பட்டை போட்டது. மற்றவர்கள் தோல் சீட்டின் அடியில் பெரிய சுருள் ஸ்பிரிங் இரண்டை வைத்துத் திருப்திப்பட்டார்கள்.

நம்மூருக்கு நெருக்கமானது ராயல் என்பீல்டு. 1949 மாடல் புல்லட்டில் பின்சக்கரம் கீலில் ஆடும், இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் இருக்கும். அந்த வண்டிதான் 1956 முதல் சென்னை திருவொற்றியூரில் தயாராக ஆரம்பித்தது. சக்கரமே ஆடி அடியை வாங்கிக்கொள்ளும்போது சீட்டுக்கு ஸ்பிரிங் எதற்கு? அப்படித்தான் நுரை ரப்பர் வைத்த நீளச் சீட்டு எங்கும் வந்தது. நுரை ரப்பரும் ஒரு சமையலறைக் கதைதான். 1929 வாக்கில் டன்லப் கம்பெனி விஞ்ஞானி ஒருவர் ரப்பர் பாலை முட்டை அடிக்கும் கருவியால் நுரைக்க அடித்துப் பார்த்தாராம்.

இதெல்லாம் முன் சீட்டின் சரித்திரம். பின் சீட்டுக்கு வருவோம். ஆங்கிலத்தில் பில்லியன் என்கிறோமே, அது தோலைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பேச்சு வழியாக வந்த சொல். ஆண்பிள்ளை சேணத்தில் உட்காருவான், அவனுக்குப் பின்னால் குதிரையின் முதுகில் ஒரு திண்டைப் போட்டுப் பெண்பிள்ளையை ஏற்றுவார்கள். அந்தத் திண்டுக்குப் பெயர் பில்லியன். பிரெஞ்சுக்காரர்கள் மோட்டார் சைக்கிளின் பின் சீட்டைத் தான்சாத் என்பார்கள். அசல் பிரெஞ்சுச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், ஆங்கிலத்து 'டாண்டம் சாடில்' என்பதைக் கத்தரித்து ஒட்டியதாம்! பெயரைக்கூட இரவலாக வாங்கியிருக்கிறார்கள், பின் சீட்டுக்கு அவ்வளவுதான் மரியாதை.

பக்கவாட்டில் உட்காருவதற்கு எங்கள் மெத்ரு சொல்லிக்கொடுத்த சொல் 'ஆன் அமாசோன்'. கிரேக்கக் கதையில் வரும் அமேசான் வீராங்கனைகளின் பெயர். அவர்கள் குதிரையில் அப்படி உட்கார்ந்திருந்தால் ஒரு சண்டைகூட ஜெயித்திருக்க மாட்டார்கள். ஐரோப்பாவில் பெண்களுக்கான சேணத்தில், தொடையை அணைத்துப் பிடிக்க ஒரு கொம்பு இருக்கும். 1830 வாக்கில் இரண்டாவதாக இன்னொரு கொம்பும் வந்தது. அதன்பிறகு அந்தச் சீமாட்டிகள் பக்கவாட்டில் உட்கார்ந்தபடியே வேலி தாண்டிக் குதித்தார்கள். காலுக்குப் பிடிமானம் கிடைத்ததால் வந்த தைரியம். நம் வீட்டுப் பெண்கள் புடவை கட்டி ஒரு கையில் குழந்தை, மறு கையில் பையோடு புல்லட்டின் பின்னால் அமாசோனாக உட்கார்ந்தபோது, அவர்களுக்குக் கொம்பும் இல்லை, பல வண்டிகளில் கால் வைக்க ஒழுங்கான இடமும் இல்லை.

இப்போது என் கதை. 1979-இல் என்னைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். காரைக்கால் வந்தால் நிம்மதி, மாஹேயோ ஏனாமோ வந்தால் பெட்டி படுக்கை. நான் பழைய புல்லட் ஒன்றை வாங்கினேன். முன்னால் ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு, பின்னால் தனியாக ஒரு சதுரத் திண்டு. சனிக்கிழமை வருவேன், திங்கட்கிழமை விடியற்காலை கிளம்புவேன். கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் பாலம், சீர்காழி, தரங்கம்பாடி என்று சுமார் 130 கிலோமீட்டர். அன்றைய சாலையில் நாலு மணி நேரம். முதல் மாதம் சீட்டின் மேல் துண்டை மடித்துப் போட்டேன், மடிப்பு உறுத்தியது. தலையணை வைத்தேன், அரை மணி நேரம் சுகம், பிறகு எலும்பு கீழே தகரம்வரை இறங்கியதுபோல் வலி. கடைசியில் கைகொடுத்தது சிதம்பரத்துக் காப்பிக் கடைதான். வலி வருவதற்கு முன்பே இறங்கி, பத்து நிமிஷம் நடந்து, காப்பி குடித்துவிட்டு ஏறினால் மறுபாதி தெரியாது. குழி வரும்போது ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றி லேசாக எழும்பிக்கொள்வேன், குதிரைக்காரன்போல. என் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

அந்த வருஷக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு இவளும் என்னோடு வந்தாள். காரைக்காலில் வாடகை வீடு பார்க்க. சீர்காழி தாண்டி, திருக்கடையூருக்குக் கொஞ்சம் முன்னால், முதுகில் தட்டி, "என்னங்க, நிறுத்துங்க" என்றாள். அது மூன்றாவது தடவையாம். எஞ்சின் சத்தத்தில் முதல் இரண்டும் என் காதில் விழவில்லை. நிறுத்தினேன். இறங்கினாள், இடது கால் நிற்கவில்லை. மரத்துப்போய்விட்டது. புடவையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாலையோர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எருக்கஞ்செடிப் பக்கத்தில்.

நான் அப்போது முதலில் செய்த காரியம் கைக்கடிகாரத்தைப் பார்த்தது. பத்து மணிக்கு ஆபீசில் கையெழுத்துப் போடவேண்டும். "கொஞ்சம் முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று வேறு கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. காலைத் தேய்த்துக்கொண்டு, கால் மணி நேரம் கழித்து எழுந்து, மறுபடியும் ஏறி உட்கார்ந்தாள். காரைக்கால் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு மாதமாக என் இடுப்பைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன். சிதம்பரத்தில் காப்பிக்கு நிறுத்தியபோதுகூட, நேரமாகிறதே என்று அவளை இறங்கவிடாமல், டம்ளரை வண்டிக்கே கொண்டுவந்து கொடுத்தவன் நான்.

அந்த வாரமே காரைக்காலில் ஒரு குஷன் கடைக்குப் போனேன். ஜீப்புக்கும் வேனுக்கும் சீட்டுத் தைக்கிற ஒரு வயதான பாய். பின் திண்டுக்கு இன்னும் நாலு விரல் நுரை வைத்துத் தைக்கச் சொன்னேன். அவர் திண்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சார், மெத்தையில உக்காந்தா பத்து மைல் சொர்க்கம், அப்புறம் நரகம். எலும்பு எங்க உக்காருதோ அங்க கெட்டியா இருக்கணும், அகலமா இருக்கணும். அளவு கொண்டாங்க" என்றார். எந்த அளவு? "அம்மாவ மணல்ல உக்காரச் சொல்லி, பள்ளத்த அளந்துட்டு வாங்க."

அடுத்த முறை அவள் வந்தபோது சாயங்காலம் காரைக்கால் கடற்கரைக்குப் போனோம். அவள் வெட்கப்பட்டாள், திட்டினாள், சுற்றும் முற்றும் பார்த்தாள், கடைசியில் வண்டியில் உட்காருகிற மாதிரியே ஒரு மண்மேட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். எழுந்ததும் டேப்பை வைத்து அளந்தேன். ஒரு பக்கத்துப் பள்ளம் மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம். அத்தனை தூரமும் அவள் உடம்பின் பாரத்தை ஒற்றை இடுப்பு தாங்கியிருக்கிறது. இடுப்பு ஒரு திசை, முகம் ஒரு திசை என்று முதுகு முறுக்கியிருக்கிறது. தொங்கும் காலின் தொடையைத் திண்டின் விளிம்பு வெட்டியிருக்கிறது. சரித்திரம் படித்து எனக்குப் புரியாதது அந்த மணலில் புரிந்தது.

பாய் நுரையைப் பாதி எடுத்துவிட்டு, அடியில் ரப்பர் பூசிய தேங்காய் நார்ப் பலகை வைத்தார். இடது பக்கம் மூன்று விரல் அகலம் கூட்டி, விளிம்பை உருட்டித் தைத்தார். ரெக்சின் வியர்க்கும் என்று மேலே தடித்த கித்தான் போட்டார். வியர்வை சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய 80,000 பேர், வால் எலும்புக்கு மேல் முடி உள்ளே புதைந்து சீழ் கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். குலுங்கும் ஜீப்பில் வியர்வையோடு உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது என்று அதற்கு ஜீப் நோய் என்றே பெயர். பக்கத்துப் பட்டறையில் இரண்டு பாதமும் வைக்கிற மாதிரி ஒரு இரும்புப் பலகையும், சக்கரத்தில் புடவை போகாமல் ஒரு வலையும் அடித்து மாட்டினேன்.

கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு எல்லாம் இருந்தே ஆகவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி சொல்கிறது. அந்த விதிகள் வந்தது 1989. அரசாணைக் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்பதால் அந்த விதியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. அமாசோன்கள் எத்தனை வருஷம் காத்திருந்தார்கள்!

புதுத் திண்டில் இவள் பலமுறை காரைக்கால் வந்தாள். சிதம்பரத்தில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். ஆனால் அந்த இடது இடுப்பு மழைக்காலத்தில் இன்றைக்கும் வலிக்கிறது என்பாள். வயசு என்பார் டாக்டர். நான் வாயைத் திறப்பதில்லை.

பேரனின் வண்டியில் முன் சீட்டு நல்ல அகலம். பின் சீட்டு, அழகுக்காக மேலே தூக்கி, உள்ளங்கை அகலத்துக்கு வைத்திருக்கிறார்கள். பேரன் மனைவி சுடிதார்தான், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவாள். பாதிப் பிரச்சினை அதில் போயிற்று. மறுபாதிக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் வீராம்பட்டினம் கடற்கரைக்கு வரச்சொல்லியிருக்கிறாள் இவள். தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து இப்போதே கைப்பையில் போட்டுவிட்டாள். எதற்கு என்று அந்தப் பெண்ணுக்கு இன்னும் சொல்லவில்லை.