ஐந்து புள்ளிகள்

ஒரு தாளில் ஐந்து புள்ளிகள் வையுங்கள். எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். எந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது, அவ்வளவுதான். அவற்றில் ஏதோ நான்கு, எங்கும் உள்வாங்காத ஒரு நாற்கரத்தின் மூலைகளாக அமைந்தே தீரும். தப்பிக்க முயன்று பாருங்கள். முடியாது.

ஏன்? புள்ளிகளை ஆணிகளாக நினைத்து, எல்லாவற்றையும் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை மாட்டுங்கள். அது நான்கு அல்லது ஐந்து ஆணிகளில் பட்டு நின்றால் வேலை முடிந்தது. மூன்றில் மட்டும் பட்டால் முக்கோணம், மிச்சம் இரண்டு ஆணிகள் உள்ளே. அந்த இரண்டையும் இணைத்துக் கோடு இழுத்தால், முக்கோணத்தின் இரண்டு மூலைகள் ஒரே பக்கம் விழும். அந்த இரண்டும் உள்ளே இருக்கிற இரண்டும் சேர்ந்தால் நாற்கரம் ரெடி. ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு ஒரு சூத்திரம்கூட இல்லாமல் சொல்லிவிடலாம். பொறியியல் கல்லூரியில் எனக்குக் கணக்கு நடத்திய யாரும் இப்படி ஒன்றைப் பலகையில் வரைந்ததில்லை என்பது வேறு கதை.

1933 வாக்கில் புடாபெஸ்டில் இதை நண்பர்களுக்குப் போட்டவர் எஸ்தர் கிளைன். இயற்பியல் மாணவி. நகரப் பூங்காவில், முக்காட்டுக்குள் முகம் மறைத்து உட்கார்ந்திருக்கும் பெயர் தெரியாத வரலாற்றாசிரியரின் சிலைதான் அவர்கள் கூடும் இடம். பால் எர்டிஷ், துரான், கல்லாய், வேதிப் பொறியியல் படித்த ஜார்ஜ் செகெரெஷ் எல்லாரும் அந்த ஜமாவில் உண்டு. எஸ்தர் அடுத்த கேள்வியையும் கேட்டார்: ஐங்கோணத்துக்கு எத்தனை புள்ளி, அறுகோணத்துக்கு எத்தனை? எத்தனை மூலை கேட்டாலும் அதற்குப் போதுமான ஒரு எண் இருக்கிறதா? இருக்கிறது என்று எர்டிஷும் செகெரெஷும் நிறுவினார்கள். கட்டுரை 1935இல் வந்தது. எஸ்தரும் செகெரெஷும் 1937இல் கல்யாணம் செய்துகொண்டதால், எர்டிஷ் இதற்கு 'மகிழ்ச்சியான முடிவு' என்று பெயர் வைத்தார்.

எல்லோரும் இதைக் காதல் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய பகுதிதான் முக்கியம். 1894இல் தானியேல் அரானி என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களுக்காக ஒரு கணித இதழ் தொடங்கினார். சுருக்கமாகக் 'கோமல்' (நம் சுவாமிநாதனுக்குச் சம்பந்தமில்லை). மாதாமாதம் கணக்குகள் வரும். பிள்ளைகள் வீட்டில் யோசித்துத் தபாலில் விடை அனுப்புவார்கள். பிற்பாடு, நன்றாகத் தீர்த்தவர்களின் புகைப்படங்களும் அச்சாயின. எர்டிஷும் செகெரெஷும் நேரில் சந்திக்கும் முன்பே ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தது அப்படித்தான்.

அதே நாட்டில்தான் 1920இல், பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பூங்காவில் கூடியவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். பட்டம் வாங்கினாலும் வேலை குதிரைக்கொம்பு. பள்ளிப் பிள்ளையின் படத்தைப் பெருமையோடு அச்சடித்த நாடு, அதே பிள்ளை வளர்ந்ததும் வாசலில் நிறுத்திவைத்தது. அந்தச் சிலையடி அவர்களுக்குச் சும்மா பொழுதுபோக்கு இடமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செகெரெஷ் தோல் பதனிடும் தொழிலில் வேதியியலாளராக வேலை பார்த்தார். தம்பதி ஷாங்காய்க்குத் தப்பிப் போய், போர்க்காலம் முழுக்க அங்கேயே இருந்துவிட்டு, 1948இல் ஆஸ்திரேலியா சேர்ந்தார்கள். ஐங்கோணத்துக்கு 9 புள்ளிகள் போதும் என்பது அந்தப் பூங்காக் காலத்திலேயே தெரியும். அறுகோணத்துக்கு 17 என்பதை நிறுவக் கணினி தேவைப்பட்டது. செகெரெஷும் லிண்ட்சே பீட்டர்ஸும் அதைச் செய்தார்கள். கட்டுரை 2006இல் வெளிவந்தபோது செகெரெஷ் இல்லை. 2005 ஆகஸ்ட் 28 அன்று அடிலெய்டில், ஒரு மணி நேரத்துக்குள் இருவரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். எழுகோணத்துக்கு 33 என்பது இன்னமும் ஊகம்தான்.

ஆனால் எஸ்தரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பது வேறொன்று. 1984இல், எழுபது வயதைத் தாண்டியபிறகு, சிட்னியில் பள்ளி மாணவர்களுக்காக வாராவாரம் கூடும் ஒரு கணிதக் குழுவை வேறு சிலரோடு சேர்ந்து ஆரம்பித்தார். அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் குழுக்கள் முளைத்தன. பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்குகளைப் போட, பள்ளி முடிந்தபிறகும் பிள்ளைகள் வந்தார்கள்.