கடல் கடந்த தத்து: தென்சென்னைப் புறநகரும் வெளிநாட்டுத் தத்தெடுப்பும்

வெளிநாட்டவர் ஒருவர் இந்தியக் குழந்தையைத் தத்தெடுப்பதற்கென்று இந்தியாவில் நெடுங்காலம் தனிச் சட்டமே கிடையாது. 1956-ல் வந்த இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுமே பொருந்தியது. மற்றவர்களுக்கு இருந்த ஒரே வழி, வெள்ளையர் காலத்தில் 1890-ல் இயற்றப்பட்ட கார்டியன் சட்டம். அதன்படி நீதிமன்றம் அவர்களைக் குழந்தையின் காப்பாளராக நியமிக்கும், வெளிநாடு கொண்டுசெல்ல அனுமதியும் தரும். தத்தெடுப்பு என்ற சடங்கு அவர்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் நிறைவேறும். இந்த மனுவைக் குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்தில் போட வேண்டியிருந்தது. சென்னை நகருக்குள் என்றால் உயர் நீதிமன்றம். தாம்பரம், பல்லாவரம் போன்ற புறநகர்கள் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்குள்ள இல்லத்துக் குழந்தையின் எதிர்காலம் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் முடிவானது.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் சுவீகாரம் என்பது பழைய வழக்கம்தான். ஆனால் அது பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பிள்ளையை, அதிலும் ஆண் பிள்ளையை எடுப்பதாக இருந்தது. கொள்ளி வைக்கவும் சொத்தைக் காக்கவும் வாரிசு வேண்டும் என்பதே அதன் நோக்கம். தாய் தகப்பன் யாரென்று தெரியாத குழந்தைக்கு, குறிப்பாகப் பெண் குழந்தைக்கு, அந்த வழக்கத்தில் இடம் இருக்கவில்லை. இல்லங்களில் நிறைந்திருந்தவர்களோ அப்படிப்பட்ட குழந்தைகளே. வெளிநாட்டுத் தத்து வேரூன்றியதற்கு உள்ளூரில் இருந்த முதல் காரணம் இது.

சென்னைக்குத் தெற்கே இத்தகைய இல்லங்கள் பெருகியதற்கு நிலமும் ரயிலும் துணை நின்றன. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. டாக்டர் சவுரிமுத்து 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் தந்தது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. பரங்கிமலையில் கன்னியர் மடங்கள் அதற்கும் முன்பே இருந்தன. நகரத்தில் கிடைக்காத விரிந்த மனை இங்கே கிடைத்தது; அதனால் மிஷனரிகளும் தர்ம ஸ்தாபனங்களும் பள்ளி, மருத்துவமனை, குழந்தைகள் இல்லம் என்று இந்தத் தடத்தை ஒட்டியே கட்டினார்கள். எல்லா இல்லமும் தத்து கொடுத்தது என்று நினைத்துவிடக்கூடாது. தாம்பரத்து எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம், ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்மைனர் 1949-ல் வகுத்த முறைப்படி, ஒரு வளர்ப்புத் தாயின் கீழ் சில குழந்தைகளை ஒரே வீட்டில் வைத்து இங்கேயே ஆளாக்கும் வழியைப் பின்பற்றியது.

1970-களில் வெளியிலிருந்து தேவை கூடியது. டென்மார்க்கில் 1973-லும் சுவீடனில் 1975-லும் கருக்கலைப்பு தாயின் விருப்பத்துக்கு விடப்பட்டது. மணமாகாத தாய்மார் குழந்தையைத் தாங்களே வளர்ப்பதும் அங்கே இயல்பாயிற்று. பிள்ளையில்லாத தம்பதியருக்கு உள்நாட்டில் குழந்தை கிடைக்கவில்லை. ஆசியாவின் பக்கம் பார்வை திரும்பியது. இந்தியாவிலோ இல்லம் நடத்துபவர், வெளிநாட்டு அமைப்பு, ஒரு வக்கீல் ஆகிய மூவர் சேர்ந்தால் வேலை முடிந்துவிடும் என்ற நிலை. தாயின் ஒப்புதல் என்பது ஒரு தாளில் கையெழுத்தாகவோ கைநாட்டாகவோ இருந்தால் போதும். அதில் எழுதியிருப்பதை அவருக்கு யாராவது படித்துச் சொன்னார்களா, இனி பிள்ளை திரும்பாது என்பது அவருக்குப் புரிந்ததா என்று விசாரிக்கும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை. இந்த வரலாற்றின் பெருங்குறை இதுவே. பின்னால் வந்த நல்ல விதிகள் பலவும் இந்த ஓட்டையை அடைக்க எழுந்தவைதாம்.

பல்லாவரத்து இல்லம் ஒன்றிலிருந்து 1970-களின் இறுதியில் டென்மார்க் சென்ற இரு சகோதரர்களின் கதை அந்தக் காலத்தைக் காட்டும். வறுமையால் பிள்ளைகளோடு அந்த இல்லத்தில் அடைக்கலம் புகுந்தவர் தாய். பின்னொரு நாள் வந்து கேட்டபோது பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டதாகச் சொல்லப்பட்டது என்பது அவர் வாக்குமூலம். இருவரும் வெவ்வேறு டேனிஷ் குடும்பங்களில், ஒருவரையொருவர் அறியாமல் வளர்ந்தார்கள். நாற்பது வயதைத் தொட்ட பிறகு மரபணுப் பரிசோதனைதான் அவர்களைச் சேர்த்து வைத்தது. 2019-ல் தாயை வீடியோ அழைப்பில் பார்த்தபோது பேசப் பொதுமொழி இல்லை. மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. அதற்குள் அந்த இல்லம் மூடப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

எல்லா மதத்தவருக்கும் பொதுவான தத்துச் சட்டம் கொண்டுவர 1972-ல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. எதிர்ப்பால் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. நாடாளுமன்றம் தயங்கிய இடத்தில் ஒரு கடிதம் வேலை செய்தது. குழந்தைகள் உயிருக்கு ஆபத்தான நெடும்பயணத்தில் அனுப்பப்படுகிறார்கள், போன இடத்தில் சீரழிகிறார்கள் என்று லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் 1982-ல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். அதையே மனுவாக ஏற்று நீதிபதி பி.என். பகவதி 1984 பிப்ரவரி 6 அன்று தந்த தீர்ப்பு, சட்டம் இல்லாத குறையைத் தீர்க்கும் சட்டமாகவே விளங்கியது. குழந்தை பிறக்கும் முன்போ, பிறந்து மூன்று மாதத்துக்குள்ளோ தாயிடம் ஒப்புதல் வாங்கக்கூடாது. முதலில் இந்தியப் பெற்றோரைத் தேட வேண்டும். வெளிநாட்டவர் நேரே வந்து குழந்தையைக் கேட்க முடியாது. அவர்கள் நாட்டு அங்கீகாரம் பெற்ற அமைப்பு அவர்களின் குடும்பநிலையை ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டும். இங்கே மனு வந்ததும் இந்தியக் குழந்தைகள் நலச் சங்கம் போன்ற ஓர் அமைப்பு நீதிமன்றத்துக்காக அதைத் தனியே சரிபார்க்க வேண்டும். இவ்வழக்குகளைப் பத்திரிகையில் விளம்பரம் செய்யக்கூடாது என்றும் தீர்ப்பு சொன்னது. இதன் தொடர்ச்சியாக 1990-ல் டெல்லியில் மத்திய தத்து வள ஆணையமான காரா அமைந்தது.

தமிழ்நாட்டில் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த இத்திட்டத்தால் அரசின் பொறுப்பில் வந்த குழந்தைகளில் பலர் உரிமம் பெற்ற இல்லங்கள் வழியாகத் தத்துப் போனார்கள்.

தாளில் எல்லாம் சரியாக இருந்தாலும் குழந்தை திருட்டுக் குழந்தையாக இருக்கலாம் என்பதைச் சென்னை 2005-ல் அறிந்தது. புளியந்தோப்பு போன்ற ஏழைகள் வாழும் பகுதிகளில் 1990-களின் இறுதியில் கடத்தப்பட்ட குழந்தைகள், மலேசியன் சோஷியல் சர்வீஸ் என்ற இல்லத்துக்கு விற்கப்பட்டு வெளிநாட்டுக்குத் தத்து கொடுக்கப்பட்டதாகப் போலீஸ் குற்றம்சாட்டியது. 1991 முதல் 2003 வரை அந்த இல்லம் குறைந்தது 165 குழந்தைகளை, பெரும்பாலும் அமெரிக்கா, நெதர்லாந்து, ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியதாகப் போலீஸ் ஆவணங்கள் கூறின. விசாரணை பிறகு சி.பி.ஐ.க்குப் போனது. தெருவோரம் தூங்கிய குழந்தையைக் காணாமல் ஆண்டுக்கணக்கில் போலீஸ் நிலையத்துக்கு நடந்த பெற்றோரின் புகார் ஒரு பக்கம். தாய் மனமுவந்து கொடுத்தாள் என்று சொல்லும் பத்திரம் மறுபக்கம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு நீதிமன்றத்திடமும் இல்லை, சரிபார்த்த அமைப்பிடமும் இல்லை.

இதற்கிடையே வெளிநாட்டுத் தத்து பற்றிய 1993-ன் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-ல் ஏற்றது. 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம் காராவைச் சட்டபூர்வ அமைப்பாக்கியது. அதே ஆண்டு, எந்தக் குழந்தை எந்தப் பெற்றோருக்கு என்று முடிவு செய்யும் வேலை இல்லங்களின் கையை விட்டுக் கணினிப் பதிவுக்கு மாறியது. இதுவே மிகப் பெரிய மாற்றம். இப்போது தாம்பரத்தில் கண்டெடுக்கப்படும் குழந்தையை முதலில் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோரைத் தேடும் முயற்சிக்குப் பிறகே, தத்துக்குச் சட்டத் தடை இல்லை என்று குழு அறிவிக்கும். தாயே ஒப்படைத்த குழந்தை என்றால், மனம் மாற அவருக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அறிவித்த 60 நாளில் இந்தியரோ வெளிநாடு வாழ் இந்தியரோ முன்வராவிட்டால்தான் வெளிநாட்டவர் முறை வரும். மாற்றுத்திறன் குழந்தைகள், உடன்பிறந்தோர், ஐந்து வயதைத் தாண்டியோர் ஆகியோருக்கு வெளிநாட்டுத் தத்தில் சட்டமே முன்னுரிமை தருகிறது. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை பிறப்பிப்பவர் நீதிபதி அல்ல, கலெக்டர். 2019-ல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானதால், தாம்பரத்துக் குழந்தைக்கான ஆணை அங்குள்ள ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வருகிறது. ஆணையும் காராவின் சான்றிதழும் கிடைத்த பிறகு பாஸ்போர்ட். குழந்தை போய்ச் சேர்ந்த பின் இரண்டாண்டுக்கு, முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் அடுத்த ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அதன் நிலை பற்றி அறிக்கை வர வேண்டும்.

உள்நாட்டிலும் மனம் மாறியிருக்கிறது. 2024–25-ல் காரா வழியாக நாடு முழுதும் நடந்த 4,515 தத்துகளில் 4,155 இந்தியாவுக்குள்ளேயே முடிந்தன. பெறும் நாடுகளும் தங்கள் கடந்தகாலத்தை விசாரிக்கின்றன. இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்துகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கையைப் பெற்ற நெதர்லாந்து, 2021-ல் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்திவைத்தது.

தத்துப் போனவர் தம் வேரைத் தேடும் உரிமையை இன்றைய இந்திய விதிகள் ஏற்கின்றன. பதினெட்டு வயதானவர் தாமே விண்ணப்பிக்கலாம். சிறியவர் என்றால் வளர்ப்புப் பெற்றோரோடு சேர்ந்து. பெற்ற தாய் அடையாளம் வெளியாவதை விரும்பாவிட்டால் அதையும் மதிக்க வேண்டும். பழைய காலத்தில் போனவர்களுக்கு இந்த உரிமை எவ்வளவு பயன்படும் என்பது, அன்று எழுதிவைத்த தாளைப் பொறுத்தது. இல்லம் மூடப்பட்டிருந்தால் பதிவேடும் போயிருக்கும். தாயின் பெயரையும் ஊரையும் தேட, காப்பாளர் ஆணை தந்த நீதிமன்றத்தின் பழைய வழக்குக் கட்டுகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது.