கொட்டியாரக் குடாவின் பாசி

உப்புவெளிக் கரையில் நின்று தெற்கே நோக்கினால் கோணேசர் மலை தெரியும். அதற்கு அப்பால் துறைமுகமும், கொட்டியாரக் குடாவும், தம்பலகாமக் குடாவும். இத்துறைமுகத்தின் சரித்திரம் எழுதியோர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று கப்பல்களை எண்ணினர். அதே நீரில் இறங்கிப் பாசி அரித்தவர்களை எண்ணியவர் அரிது. நாம் ஈண்டுப் பேசப் புகுவது அந்தப் பாசியைப் பற்றி. அது மருந்தாக மாறிய வகையைப் பற்றி.

கிரசிலேரியா என்னும் செம்பாசி அது. ஐரோப்பிய வணிகர் அதனை ‘இலங்கைப் பாசி’ என்றனர். இராமநாதபுரக் கரையில் கஞ்சிப்பாசி. உலர்த்தி வெளுத்துக் காய்ச்சினால் கூழாகும், ஆறினால் இறுகும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் இல்லங்களில் கடற்பாசி காய்ச்சும் வழக்கத்தை நாம் அறிவோம். 1830களில் கல்கத்தாவில் ஓஷாக்னசி என்ற மருத்துவர் இப்பாசியை இரசாயன முறையில் ஆராய்ந்தார். 1881இல், ஜெர்மனியில் கொக் என்பாரின் ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்க அகார்க் கூழே ஏற்றது என்று சொன்னவர் ஒரு குடும்பப் பெண், பன்னி ஹெஸ்ஸெ. அடுக்களை அறிவு ஆய்வுகூடத்துக்குள் புகுந்த கதை அது. புகழ் மட்டும் அடுக்களைக்குத் திரும்பவில்லை!

1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசின. உலகுக்கு அகார் அனுப்பிவந்த நாடும் யப்பானே. போரால் அவ்வரவு நின்றதும், நாடுகள் தத்தம் கரைகளில் பாசி தேடின. பின்னர் மீன்வள ஆய்வாளர் துரைரத்தினம் இலங்கைக் கடற்பாசிகளைத் தொகுத்து 1961இல் நூலாக வெளியிட்டார்.

இனி மருந்துக்கு வருவோம். நீரில் எளிதில் கரையாத மருந்தை விழுங்கினால், உடல் உறிஞ்சும் இடத்தைக் கரையாமலே கடந்து அதில் ஒரு பங்கு கழிவாகிவிடும். முழு மாத்திரைக்கும் விலை கொடுத்த ஏழைக்கு அரை மாத்திரையின் பயன்கூடக் கிட்டாது போகலாம். அதனை அங்கேயே சற்று நிறுத்திவைக்க ஒட்டும் பொருள் வேண்டும். சர்க்கரைக் கூறுகள் சங்கிலியாய்க் கோத்த பல்பகுதியங்கள் நீர் குடித்துப் பருக்கும். அவற்றின் இழைகள் குடலையும் வாயையும் போர்த்திய சளிப்படலத்தின் இழைகளோடு பின்னிக்கொள்ளும். 1947இலேயே பெனிசிலினைப் பிசினோடு சேர்த்துப் பல் ஈறில் ஒட்டவைக்க முயன்றனர். 1980களில் யப்பானில் நாகாய் குழுவினர் வாய்ப்புண்ணுக்குக் கன்னத்தின் உட்புறம் ஒட்டும் மாத்திரை செய்தனர்.

ஒட்டினால் மட்டும் மருந்து கரைந்துவிடாது. அதனை நுண்ணிய தூளாக்கியோ, பளிங்குருவம் சிதைத்துப் பல்பகுதியத்தில் விரவியோ வைத்தல் வேண்டும். சளிப்படலமும் ஓயாது உரிந்து புதுப்படுவது. பிடிப்பு நெடுநேரம் நில்லாது. இத்தொழிலில் அகாரும் முதல்வனன்று. பழுப்புப் பாசியின் அல்ஜினேற்றும், இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைற்றோசனும் அதனினும் இறுகப் பற்றும். அந்த ஓடுகள் நம் கரைகளில் குப்பையில் எறியப்படுபவை!

கிரசிலேரியா அகாரின் இறுக்கமின்மைக்குக் காரணம் அதிலுள்ள கந்தகக் கூறு. பாசியைக் காரக் கரைசலில் சூடாக்கினால் அது குறைந்து கூழ் கெட்டிப்படும். கரையில் நிறுத்து விற்கும் உலர்பாசிக்கும் ஆய்வுகூட அகாருக்கும் இடையே உள்ளவை இந்தக் காரம், கொதிநீர், உறையவைத்து உருக்கும் குளிர், தூய்மையைச் சோதிக்கும் ஒரு மேசை.